ஹாஸ்பிஸை எப்போது கூப்பிடுவது?

கேள்வி சுருக்கமாக இது: அப்பாவுக்கு நுரையீரல் புற்றுநோய், எலும்புக்கும் பரவியிருக்கிறது. இரண்டாவது கீமோவும் கேட்கவில்லை. "மூன்றாவதாக ஒரு மருந்து இருக்கிறது, பார்க்கலாம்" என்கிறார் மருத்துவர். அதே பிரிவில் இருக்கும் நர்ஸ் தனியாகக் கூப்பிட்டு, ஹாஸ்பிஸ் (நோயை எதிர்ப்பதை நிறுத்திவிட்டு, வலியையும் தவிப்பையும் தணிக்கும் இறுதிக்காலப் பராமரிப்பு) பற்றி யோசித்தீர்களா என்று கேட்டிருக்கிறார். இப்போதே போனால் கைவிட்டதாக ஆகாதா? எவ்வளவு காலம் இருக்கிறது என்று டாக்டர் ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்?

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டாக்டர்கள் நாள் கணக்குச் சொல்லத் தயங்குவதற்கு முக்கியக் காரணம், சொன்னால் பெரும்பாலும் தப்பிவிடுகிறது. 2000ஆம் ஆண்டில் கிறிஸ்டாகிஸ், லாமோன்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சிகாகோவில் ஹாஸ்பிஸில் சேர்ந்த 468 நோயாளிகளை எடுத்துக்கொண்டு, அவர்களை அனுப்பிவைத்த டாக்டர்களிடம் "இவர் எவ்வளவு காலம் இருப்பார்?" என்று கேட்டுக் குறித்துவைத்தார்கள். பிறகு நடந்ததோடு ஒப்பிட்டார்கள். ஏறத்தாழச் சரியாக இருந்தவை 20 சதவீதம்தான். மொத்தமாகக் கணக்குப் போட்டால், உண்மையில் கிடைத்த காலத்தைப்போல ஐந்து மடங்குக்கும் மேல் சொல்லியிருந்தார்கள். அதைவிடக் கவனிக்கவேண்டியது, டாக்டருக்கும் நோயாளிக்கும் பழக்கம் கூடக்கூடக் கணிப்பு இன்னும் பிசகியது. அப்பாவை வருடக்கணக்கில் பார்த்துவரும் டாக்டர் "ஆறு மாதம் இருக்கலாம்" என்றால் அதைக் கொஞ்சம் குறைத்துத்தான் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கும் மனசு வரவில்லை.

அந்த "ஆறு மாதம்" எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் அதை மருத்துவ விதி என்றே நம்புகிறார்கள். 1982இல் அமெரிக்காவின் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் ஹாஸ்பிஸைச் சேர்த்தபோது, நோய் தன் போக்கில் போனால் ஆறு மாதமோ அதற்குள்ளோ என்று டாக்டர்கள் சான்று கொடுக்க வேண்டும் என எழுதிவைத்தார்கள். பணம் கொடுப்பவர் போட்ட வேலி அது. அங்கேயே கூட ஆறு மாதம் தாண்டினால் வெளியே அனுப்புவதில்லை. முதலில் 90 நாள், மறுபடி 90 நாள், அதன்பின் 60 நாளுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்து நீட்டிக்கொண்டே போகலாம். பிரிட்டனில் டாக்டர்களுக்கான வழிகாட்டுதல் அடுத்த 12 மாதத்தில் இறக்கக்கூடியவர்கள் எல்லோரையும் இறுதிக்காலத்தை நெருங்கியவர்கள் என்றே எடுத்துக்கொள்கிறது. நீங்கள் இருக்கும் இடத்தில் என்ன விதியோ அதை விசாரித்துக்கொள்ளுங்கள். ஆனால் முடிவை அந்த எண்ணின் மேல் கட்டாதீர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். பாலியேட்டிவ் கேர் என்கிற நோய்த்தணிப்புச் சிகிச்சையும் ஹாஸ்பிஸும் ஒன்றில்லை. முதலாவதை நோய் கண்டுபிடித்த அன்றே, கீமோவோடு சேர்த்தே தொடங்கலாம். வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, பயம் இவற்றைப் பார்ப்பதுதான் அதன் வேலை. நோயையே எதிர்க்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டு, அந்தத் தணிப்பையே முழு வேலையாக எடுத்துக்கொள்ளும்போது அதை ஹாஸ்பிஸ் என்கிறோம். பாஸ்டனில் உங்கள் அப்பாவுக்கு இருப்பதைப் போலவே பரவிவிட்ட நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2010இல் வெளியானது. ஆரம்பத்திலிருந்தே தணிப்புச் சிகிச்சை பெற்றவர்கள் மனச்சோர்வு குறைவாக, கடைசிக் காலத்தில் கடுமையான சிகிச்சைகளும் குறைவாக இருந்தார்கள். அதற்காகச் சீக்கிரம் போய்விடவில்லை. அவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டிய காலம்) 11.6 மாதம், மற்றவர்களுக்கு 8.9 மாதம். இது ஹாஸ்பிஸ் பற்றிய ஆய்வு இல்லை, அதனால் ஹாஸ்பிஸ் ஆயுளைக் கூட்டும் என்று யாராவது இதைக் காட்டிச் சொன்னால் நம்பாதீர்கள். வலியைக் கவனிப்பது ஆயுளைப் பறிக்கும் என்ற பயத்துக்கு மட்டும் இது நல்ல பதில். அப்பாவை இன்னும் தணிப்புச் சிகிச்சைக் குழுவிடம் காட்டவில்லை என்றால், ஹாஸ்பிஸ் பற்றி முடிவெடுக்கும் முன்பே இந்த வாரம் செய்யவேண்டிய வேலை அது. அங்கே போவதால் மூன்றாவது மருந்தின் கதவு சாத்தப்படாது.

சரி, எப்போது? டாக்டரின் வாயிலிருந்து எண் வராது என்றால், கண்ணால் பார்க்கக்கூடியது ஒன்று இருக்கிறது: சரிவின் வேகம். இந்தத் துறையில் இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் கணக்கு எளியது. மாதத்துக்கு மாதம் மாற்றம் தெரிந்தால் மாதக்கணக்கு. போன வாரம் முடிந்தது இந்த வாரம் முடியவில்லை என்றால் வாரக்கணக்கு. நேற்று எழுந்து உட்கார்ந்தவர் இன்று உட்காரவில்லை என்றால் நாள் கணக்கு. ஸ்கேனைவிட இது பல நேரம் சரியாக இருக்கிறது. குறிப்பாகப் புற்றுநோயில், ஆள் மாதக்கணக்கில் ஓரளவு சமாளித்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசி இரண்டொரு மாதத்தில் மளமளவென்று இறங்குவார்.

வேகத்தை நினைவை நம்பி அளக்க முடியாது, கூடவே இருப்பவருக்குத் தெரியவே தெரியாது. ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். வாரம் ஒருநாள், அதே கிழமையில், ஐந்து வரி எழுதினால் போதும். எதுவரை நடந்தார், யாருடைய துணையோடு? குளிப்பது, உடுத்துவது, கழிப்பறை போவது தானாகவா, ஆள் வைத்தா? பகலில் எத்தனை மணி நேரம் படுக்கையில்? வழக்கமான சாப்பாட்டில் எவ்வளவு உள்ளே போனது? பேச்சு தெளிவாக இருந்ததா? நான்காவது வாரம் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். "வாசல்வரை போய் வந்தார்" என்ற வரிக்கும் "கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, இரண்டு பேர் பிடித்து" என்ற வரிக்கும் நடுவில் 28 நாள்தான் இருக்கிறது என்பது எழுத்தில் பார்க்கும்போதுதான் உறைக்கும்.

நீங்கள் எழுதும் இந்த ஐந்தும் ஏறத்தாழ, தணிப்புச் சிகிச்சைக் குழுக்கள் பயன்படுத்தும் பி.பி.எஸ். என்ற அளவுகோலின் அம்சங்கள்தான். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் கீழே இறங்கும் அளவுகோல் அது. 70 என்றால் தன் வேலையைத் தானே செய்துகொள்வார், ஆனால் வழக்கமான தொழில் முடியாது. 50 என்றால் பெரும்பாலும் உட்கார்ந்தோ படுத்தோதான், கணிசமான துணை வேண்டும். 40இல் பெரும்பொழுதும் படுக்கை. 30இல் முழுக்கவே படுக்கை, எல்லாவற்றுக்கும் ஆள் வேண்டும். 20இல் ஓரிரு வாய் தண்ணீர்தான் இறங்கும். பரவிய புற்றுநோயில் 50ஐத் தொட்டுவிட்டாலே ஹாஸ்பிஸ் குழுவை ஒருமுறை வரவழைத்துப் பேசிவிட வேண்டும் என்பது என் கருத்து. 40க்குக் காத்திருந்தால் நேரம் இடிக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. திடீர்ச் சரிவு எல்லாம் நோயின் போக்கு என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எலும்பில் பரவியவர்களுக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறுவது அடிக்கடி நடக்கும். தாகம், மலச்சிக்கல், தூக்கக் கலக்கம், உளறல் என்று இரண்டு மூன்று நாளில் ஆளையே சாய்த்துவிடும். பார்ப்பவர்கள் முடிவு வந்துவிட்டது என்பார்கள். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், குளுக்கோஸ் போல ஏற்றும் மருந்தில் சில நாளில் எழுந்து உட்காருபவர்கள் உண்டு. கிருமித்தொற்று, ரத்தசோகை, கட்டிக்கொண்ட மலம், அடைபட்ட சிறுநீர், புதிதாகச் சேர்த்த தூக்க மாத்திரை, கவனிக்கப்படாத மனச்சோர்வு இவையும் அப்படித்தான். இன்னொன்று அவசரம்: முதுகில் புதிதாக வலி கிளம்பி, கால் தளர்ந்து, சிறுநீர் போவதில் மாற்றம் தெரிந்தால் தண்டுவடம் நசுங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே ஸ்டீராய்டும் தொடர்ந்து கதிர்வீச்சும் கொடுக்க வேண்டும். ஹாஸ்பிஸில் சேர்ந்துவிட்டவர்களுக்கும் இது பொருந்தும், மிச்சமிருக்கும் வாரங்களைக் கால் செயலிழந்து கழிக்கக் கூடாது என்பதற்காக.

இனி மூன்றாவது மருந்து. இதில் டாக்டரிடம் "கொடுக்கலாமா?" என்று கேட்டால் "கொடுக்கலாம்" என்றுதான் பதில் வரும். கேள்வியை மாற்றுங்கள். "இந்த மருந்து கேட்டால் எவ்வளவு காலம் கூடும், வாரமா மாதமா? இவர் நிலையில் இருக்கும் பத்துப் பேரில் எத்தனை பேருக்குக் கேட்கிறது? வாரத்தில் எத்தனை நாள் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டியிருக்கும்? எந்தத் தேதியில் பலன் இல்லையென்று முடிவு செய்வோம்? கொடுக்காமல் விட்டால் என்ன நடக்கும்?" கடைசியாக ஒன்று, இதைக் கண்ணைப் பார்த்துக் கேளுங்கள்: "இன்னும் ஆறு மாதத்தில் இவர் இல்லை என்று கேள்விப்பட்டால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்களா?" இந்தக் கேள்வி டாக்டர்களுக்குள்ளேயே புழங்குவது. எண் சொல்லத் தயங்குபவர்கூட இதற்கு "ஆச்சரியப்பட மாட்டேன்" என்று மெதுவாகச் சொல்லிவிடுவார்.

அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கம் 2012இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்று இங்கே நேராகப் பொருந்துகிறது. விழித்திருக்கும் நேரத்தில் பாதிக்கு மேல் படுக்கையிலோ நாற்காலியிலோ கழிக்கும் அளவுக்குத் தளர்ந்தவர், முந்தைய சிகிச்சைகளால் பலன் பெறாதவர், அடுத்த மருந்துக்கும் வலுவான ஆதாரம் இல்லை என்றால், புற்றுநோயை நோக்கிய சிகிச்சை கொடுக்கவேண்டாம் என்றது. அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, உங்கள் அப்பாவின் நோயில்தான் அது பெரிது. கட்டியில் ஈ.ஜி.எஃப்.ஆர்., ஏ.எல்.கே. போன்ற மரபணு மாற்றங்கள் இருந்தால், அவற்றைக் குறிவைக்கும் மாத்திரைகள் படுத்துக் கிடப்பவரைக்கூடச் சில நேரம் எழுப்பிவிடுகின்றன. எனவே "அந்தப் பரிசோதனைகள் எடுத்தாயிற்றா, முடிவு என்ன, இந்த மூன்றாவது மருந்து சாதாரணக் கீமோவா அல்லது அப்படிப்பட்டதா?" என்று கேட்காமல் எந்தப் பக்கமும் சாயாதீர்கள்.

இப்போது முக்கியமான விஷயம். எல்லோரும் இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள்: இன்னும் எவ்வளவு இழுக்கலாம் என்று. கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். ஹாஸ்பிஸ் செய்து தரும் நல்ல காரியங்கள் பலவற்றுக்குக் கால அவகாசம் வேண்டும். எலும்பு வலிக்கு ஒரே தடவையில் 8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கதிர்வீச்சு கொடுப்பது அருமையான வழி, ஒருநாள் போய் வந்தால் போதும். ஆனால் வலி குறைய இரண்டிலிருந்து நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கூடுதலாகப் பிடிக்கும், முதல் சில நாள் வலி கூடவும் செய்யும். சரியான மார்ஃபின் அளவு பிடிபட ஒரு வாரம் ஆகலாம். நரம்பு வலிக்கான மாத்திரைகளுக்கு இரண்டு வாரம். மனச்சோர்வு மாத்திரைக்கு நான்கிலிருந்து ஆறு வாரம். காற்று மெத்தை புண் வருவதற்கு முன் வரவேண்டியது, வந்த பிறகு வந்தால் பாதிப் பிரயோசனம். வீட்டில் யார் இரவு விழிப்பது, யார் மருந்து கொடுப்பது என்று பழகப் பத்து நாளாவது வேண்டும். கடைசி நாள்களில் மிகப் பலருக்குக் குழப்பமும் அரைமயக்கமும் வந்துவிடும் என்பதால், பேசவேண்டியதை எல்லாம் அதற்கு முன் பேசியாக வேண்டும். இவற்றைக் கூட்டிப் பாருங்கள், குறைந்தது இரண்டு மாதம் வருகிறது. அமெரிக்காவில் ஹாஸ்பிஸில் சேர்ந்தவர்களில் பாதிப் பேருக்கு அங்கே கிடைத்த காலம் மூன்று வாரத்துக்கும் குறைவு. அந்தப் பாதிக்கு ஹாஸ்பிஸ் என்பது கட்டிலும் மார்ஃபினும் மட்டும்தான்.

கைவிட்டதாக ஆகாதா என்ற கேள்விக்கு நடைமுறைப் பதில்: ஹாஸ்பிஸில் சேர்வது ஒருவழிப் பாதை இல்லை. நிலைமை தேறினாலோ, புதிய மருந்து வந்தாலோ, அப்பா மனம் மாறினாலோ கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிடலாம், மறுபடி சேரலாம். சேர்ந்த பிறகு ஓரளவு தேறி வெளியே வருபவர்களும் இருக்கிறார்கள். வாந்தியும் வலியும் நின்று, தேவையில்லாத மாத்திரைகள் குறைந்தாலே சிலருக்குத் தெம்பு வருகிறது. மாத்திரை என்றதும் ஒன்று: கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின்களை, ஆயுள் ஒரு வருடத்துக்குள் என்று கணிக்கப்பட்ட 381 பேரை வைத்து 2015இல் ஓர் ஆய்வு பார்த்தது. நிறுத்தியவர்களுக்குக் கேடு எதுவும் தெரியவில்லை, வாழ்க்கைத்தரம் சற்று மேலாகவே இருந்தது. உடல் இளைத்துவிட்டால் பழைய அளவு ரத்த அழுத்த மாத்திரை தலைசுற்றி விழவைக்கும். சாப்பாடு குறைந்தவருக்குப் பழைய அளவு இன்சுலின் ஆபத்து. மாத்திரைப் பெட்டியை மேசையில் கொட்டி, "இதில் எது அவருக்கு இன்று சுகம் தருகிறது?" என்று குழுவிடம் கேளுங்கள். பாதி கழிந்துவிடும்.

மார்ஃபின் பயம்தான் பல வீடுகளில் முடிவைத் தள்ளிப்போடுகிறது. "அதைக் கொடுத்தால் முடிந்தது" என்று ஒரு பேச்சு உண்டு. கடைசி இரண்டு நாளில் மட்டும் கொடுத்தால் எந்த மருந்துக்கும் அந்தப் பழி வந்து சேரும். இதற்கு முன் எடுத்துப் பழக்கமில்லாதவருக்கு வாயால் 5 மில்லிகிராம், நோஞ்சானாக இருந்தால் 2.5, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றுதான் பொதுவாகத் தொடங்குவார்கள். நடுவில் வலி கிளம்பினால் கொடுக்கத் தனி அளவு எழுதித் தருவார்கள், பெரும்பாலும் ஒருநாள் மொத்த அளவில் ஆறில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. தூக்கம் சொக்குவது இரண்டு மூன்று நாளில் தணியும். குமட்டலும் சில நாளில் போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகவே போகாது. அதனால் மார்ஃபின் தொடங்கும் அன்றே சென்னா போன்ற மலமிளக்கியும் தொடங்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பத்தாம் நாள் வயிறு உப்பி, வாந்தி வந்து, "மார்ஃபின் ஒத்துக்கொள்ளவில்லை" என்று நிறுத்திவிடுவார்கள். மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு இது. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மார்ஃபினின் கழிவுகள் உடம்பில் தேங்கும். கை கால் சுண்டி இழுத்து, இல்லாதது கண்ணுக்குத் தெரியத் தொடங்கினால் உடனே சொல்லுங்கள், ஃபென்டனில் போன்ற வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். அளவைக் குழு எழுதித் தந்தபடி மட்டும் கொடுங்கள், கூட்டுவதும் குறைப்பதும் அவர்களைக் கேட்டுத்தான்.

அடுத்தவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் மற்ற நோய்களைப் பற்றிச் சுருக்கமாக. இதயச் செயலிழப்பிலும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயிலும் சரிவு நேர்கோட்டில் வராது. விழுவார், ஆஸ்பத்திரியில் தூக்கி நிறுத்துவார்கள், முன்பிருந்த உயரத்துக்குக் கொஞ்சம் கீழே நிற்பார், மறுபடி விழுவார். ஒவ்வொரு முறையும் எழுந்துவிடுவதால் இந்தத் தடவையும் எழுவார் என்றே தோன்றும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, முழு அளவு மருந்துக்கும் கால் வீக்கம் வடியாதது, ஆறு மாதத்தில் இரண்டு மூன்று தடவை அவசரச் சேர்க்கை, அதே காலத்தில் எடை பத்து சதவீதம் குறைவது இவை சேர்ந்து வந்தால் அடுத்த விழுதலுக்கு முன் பேசிவிடுங்கள். நெஞ்சில் ஐ.சி.டி. என்ற, துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி வைத்திருந்தால் அதன் அதிர்ச்சியை நிறுத்திவைப்பது பற்றி இதய மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். கேட்காமல் விட்டால் உயிர் பிரியும் நேரத்தில் அது திரும்பத் திரும்ப உதைக்கக்கூடும், பார்த்தவர்களால் மறக்க முடியாது. சாதாரண பேஸ்மேக்கரைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாம்.

மறதிநோயில்தான் காலத்தைக் கணிப்பது மிகக் கடினம். நாளெல்லாம் சேர்த்து அரை டஜன் சொற்களுக்கு மேல் பேச்சு இல்லை, துணையின்றி நடை இல்லை, இதோடு புரையேறி நிமோனியாவோ, ஆழமான படுக்கைப்புண்ணோ, திரும்பத் திரும்பக் காய்ச்சலோ, எடைக் குறைவோ சேர்ந்தால் நேரம் வந்துவிட்டது. அந்தக் கட்டத்தில் வயிற்றில் குழாய் வைத்து உணவு கொடுப்பது புரையேறுவதைத் தடுப்பதில்லை, ஆயுளைக் கூட்டுவதாகவும் தெரியவில்லை. கரண்டியால் பொறுமையாக, அவர் வாய் திறக்கும் அளவுக்கு ஊட்டுவதே மேல் என்று முதியோர் மருத்துவர்கள் சொல்கிறார்கள். டயாலிசிஸை நிறுத்த முடிவு செய்பவர்களுக்குக் கணக்குத் தெளிவு. சிறுநீர் கொஞ்சமும் போகாதவர்களுக்கு ஒன்றிலிருந்து இரண்டு வாரம் என்பது வழக்கம். அதனால் நிறுத்தும் தேதிக்கு முன்பே ஹாஸ்பிஸ் தயாராக இருக்க வேண்டும்.

அப்பாவிடம் சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் சண்டை நடக்கும் என்று ஊகிக்கிறேன். அவருக்குத் தெரிந்திருக்கும். தன் உடம்பு தனக்குத் தெரியாதா? "அவருக்குத் தெரியக் கூடாது என்று நாங்களும், எங்களுக்குத் தெரியக் கூடாது என்று அவரும்" என்று நடித்துக்கொண்டிருக்கும் வீடுகள் ஏராளம். ஹாஸ்பிஸ் என்ற சொல்லில் தொடங்கத் தேவையில்லை. "டாக்டர் சொன்னதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள், அப்பா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். பிறகு, "இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம்?" "எதை நினைத்துப் பயமாக இருக்கிறது?" "உடம்பு மோசமானால் ஆஸ்பத்திரியா, வீடா?" ஒரே உட்காரலில் முடிக்க வேண்டாம். அவர் தெரிந்துகொள்ள வேண்டாம் என்றால் அதுவும் அவர் உரிமை, அப்போது தன் சார்பில் யார் முடிவெடுப்பது என்பதை மட்டும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

சேரும்போது தெளிவாகக் கேட்டுக்கொள்ள வேண்டியது: வாரத்தில் எத்தனை தடவை நர்ஸ் வருவார், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் யார் எடுப்பார், எவ்வளவு நேரத்தில் ஆள் வரும், கட்டில், ஆக்சிஜன், மெத்தை யார் தருவார்கள், வீட்டில் முடியாமல் போனால் உள்ளே சேர்க்க இடம் உண்டா. வீட்டு ஹாஸ்பிஸ் என்றால் 24 மணி நேரமும் ஆள் இருப்பார் என்று நினைத்துச் சேர்ந்து ஏமாறுபவர்கள் பலர். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது, மருந்து கொடுப்பது உங்கள் கையில்தான். வீட்டில் ஒரே ஒருவர்தான் எல்லாம் பார்க்கிறார், அவரே நோயாளி மாதிரி ஆகிவிட்டார் என்றால் அதுவும் ஹாஸ்பிஸைக் கூப்பிடவேண்டிய அறிகுறிதான், அப்பாவின் அளவுகோல் எங்கே நின்றாலும்.

அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்று. நடு இரவில் மூச்சு மாறுகிறது, பதற்றத்தில் யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார், வருபவர்கள் தங்கள் கடமையைச் செய்கிறார்கள், விலா எலும்பு முறிய நெஞ்சை அமுக்கி, குழாய் போட்டு, ஐ.சி.யூ.வில் கொண்டுபோய் விடுகிறார்கள். மூன்று மாதம் பேசி எடுத்த முடிவு பத்து நிமிடத்தில் கலைந்துவிடும். உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டாம் என்ற டாக்டரின் கையெழுத்துத் தாள், ஹாஸ்பிஸின் இரவு எண், இரண்டும் கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அலமாரியில் பத்திரமாக வைத்த தாள் அந்த நேரத்தில் யார் கைக்கும் கிடைக்காது. தூரத்திலிருந்து வரும் உறவினருக்கும் முன்கூட்டியே தகவல் சொல்லிவையுங்கள். கடைசி வாரத்தில் வந்து இறங்கி "ஏன் எதுவுமே செய்யவில்லை?" என்று கேட்பவர் ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்.

ஒருவேளை இதைப் படிக்கும்போதே நிலைமை கைமீறிப்போயிருந்தால், அதாவது தண்ணீர்கூட இறங்கவில்லை, முழங்காலில் ஊதா நிறத் திட்டுகள், மூச்சு சில நொடி நின்று நின்று வருகிறது, தொண்டையில் கரகரவென்ற சத்தம் என்றால், அப்போதும் கூப்பிடுங்கள். பல குழுக்கள் ஒருநாளுக்குள் வந்துவிடும். அவர்கள் வரும்வரை அப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையைச் சற்று உயர்த்துங்கள். சத்தம் பெரும்பாலும் அதிலேயே குறையும், அது அவரைவிடக் கேட்பவரைத்தான் அதிகம் வருத்துகிறது. வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரையேறும். நனைத்த பஞ்சால் உதட்டையும் நாக்கையும் மணிக்கொருமுறை துடையுங்கள். குளுக்கோஸ் ஏற்றச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், வாங்க முடியாத உடம்பில் அது நுரையீரலிலும் காலிலும்தான் தேங்கும். குழு வந்ததும் மூன்று மருந்துகளைக் கேளுங்கள்: வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் ஒன்று, தொண்டைச் சளி சுரப்பைக் குறைக்க ஒன்று, தவிப்பைத் தணிக்க ஒன்று. விழுங்க முடியாதவருக்கு நாக்குக்கு அடியில் விடுவதாகவோ தோலுக்கடியில் மெல்லிய ஊசி வழியாகவோ கொடுக்கும்படி கேட்டு, கிளம்பும் முன் உங்களில் இரண்டு பேருக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள்.